போட்ரைட்டை ஆட வைத்தவள்

ஜெரிகோ போட்ரைட்டை நான் மூன்று வருடமாக விடாப்பிடியாக வைத்திருந்தேன். கட்டின புருஷனைக்கூட அண்ணி இவ்வளவு இறுக்கிப் பிடித்ததில்லை என்பான் என் கொழுந்தன் கஸ். லியோவை வைத்துக்கொண்டேதான் சொல்வான். லியோவும் சிரிப்பார்.

எங்கள் ஃபேன்டஸி லீகில் பத்துப் பேர். ஆகஸ்ட் கடைசியில் கஸ் வீட்டு கார் ஷெட்டில் கூடி, நிஜமான அமெரிக்கன் ஃபுட்பால் ஆட்டக்காரர்களை ஆளுக்குச் சிலராகப் பங்கு போட்டுக்கொள்வோம். ஞாயிற்றுக்கிழமை மைதானத்தில் அவர்கள் ஓடுகிற ஓட்டம் எங்களுக்குப் பாயிண்ட்டாக விழும். யாரை ஆட்டத்தில் போடுவது, யாரைப் பெஞ்சில் உட்கார வைப்பது என்பதை ஆட்டம் தொடங்கும் வரை அவரவர் போனில் மாற்றிக்கொள்ளலாம். ஆனால் ஒன்று. மாற்றின மறுகணம், யார், யாரை, எத்தனை மணிக்கு என்று மற்ற ஒன்பது பேர் போனிலும் மணி அடித்துவிடும். எங்கள் ஊரில் பாவமன்னிப்புக் கேட்கப் போன இடத்தில் பாதிரியாரிடமே பொய் சொல்கிறவர்கள் உண்டு. லீகில் ஆளைப் போடுவதில் பொய் சொல்கிறவர் ஒருவரும் இல்லை. வாயால் ஆயிரம் பேசலாம், ஞாயிறு மதியம் ஒரு மணிக்கு யாரை நம்புகிறாய் என்பது அங்கே எழுதியிருக்கும்.

வருடத்துக்கு ஒரே ஒரு ஆட்டக்காரனைப் பங்குக்கு விடாமல் கையிலேயே வைத்துக்கொள்ளலாம் என்பது எங்கள் லீக் விதி. நான் வைத்துக்கொண்டது போட்ரைட்டை. பந்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, மலை மலையாக நிற்கிற ஆட்களுக்கு நடுவே புகுந்து ஓடுகிற ரன்னிங் பேக். உடம்பு சரியாக இருக்கிற ஞாயிற்றில் அவனுக்கு ஈடு எவனும் இல்லை. உடம்பு சரியாக இருக்கிற ஞாயிறுகள்தான் குறைவு. பதினேழு ஆட்டத்தில் ஏழோ எட்டோ ஆடுவான். முதல் வருடம் கணுக்கால், அடுத்த வருடம் தொடைச் சதை, அதற்கடுத்த வருடம் தோள். மண்குதிரையை நம்பி ஆற்றில் இறங்குகிறேன் என்றார்கள். என் டீமுக்கு ஆம்புலன்ஸ் என்று பெயர் வைத்தார்கள். உங்கள் டீமுக்குக் கோச் வேண்டாம் அண்ணி, நர்ஸ் போதும் என்றான் கஸ்.

நான் ஒத்துக்கொள்ளவில்லை. அவன் ஆடாத வாரத்துக்கு வேறு எவனையாவது போட்டு ஒப்பேற்றிவிடலாம், அவன் ஆடுகிற வாரத்துக்கு ஈடாக இன்னொருவனை எங்கே போய்த் தேடுவது என்பது என் கட்சி. கட்சி என்னவோ சரிதான். லீகில் மூன்று வருடமும் கடைசி இடம் எனக்குத்தான் கிடைத்தது.

நான் வேலை பார்த்தது ஒரு ஸ்கேன் சென்டரில். டயர் கடைக்கும் டோனட் கடைக்கும் நடுவில் இருக்கிறது. இருபத்திரண்டு வருடம் எம்.ஆர்.ஐ. மெஷினை ஓட்டினேன். படம் எடுப்பது என் வேலை, அதைப் படித்துச் சொல்வது டாக்டர் வேலை. படத்தில் என்ன பார்த்தேன் என்று நோயாளியிடம் மூச்சு விட்டாலும் வேலை போய்விடும். வெளியாளிடம் சொன்னால் லைசென்சும் போய்விடும். இந்த விஷயத்தில் எங்கள் மேனேஜர் பில்லிஸ் கெடுபிடி. அந்த பில்லிஸும் எங்கள் லீகில் ஒருத்தி.

எனக்கு அந்த வேலை போகக் கூடாது. லியோவுக்குப் பைப் மில்லில் வேலை செய்யும்போது பிடரியில் இரும்புச் சட்டம் விழுந்து பதினோரு வருடம் ஆகிறது. வாக்கரைப் பிடித்துக்கொண்டு நடப்பார். சட்டைப் பொத்தான் போட வராது. அவருடைய மருந்து, வாரம் இரண்டு முறை வரும் பயிற்சிக்காரர் எல்லாமே என் வேலையோடு வருகிற இன்ஷூரன்சில் ஓடுகிறது.

அக்டோபர் இரண்டாம் செவ்வாய்க்கிழமை, தலைமறைப்போடு கூடிய சாம்பல் நிறப் பனியனில் ஒருவன் வந்தான். காகிதத்தில் புரூயிட் என்று இருந்தது. கழுத்து ஸ்கேன். இடது கை விரல்கள் மரத்துப்போவதாக எழுதியிருந்தது. அவன் தலைமறைப்பைத் தள்ளினான். போட்ரைட்! எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை. காகிதத்தை மறந்துவிட்டு, "தோள் இப்ப எப்படி இருக்கு?" என்று கேட்டுவிட்டேன். தவளை தன் வாயால் கெடும்.

அவன் என்னைப் பார்த்தான். பலகையில் படுத்துக்கொண்டான். மெஷினுக்குள் அனுப்பிவிட்டுக் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்தேன்.

படம் வந்தது. கழுத்தெலும்புக்குள்ளே தண்டுவடம் இறங்குகிற இடத்தில், அதைச் சுற்றி நீர் வெள்ளையாகத் தெரிய வேண்டும். நடுக்கழுத்தில் ஒரு விரற்கடை தூரத்துக்கு வெள்ளையே இல்லை. பிதுங்கி வந்த வட்டு ஒரு பக்கம், எலும்பு ஒரு பக்கம், நடுவில் தண்டுவடம் நசுங்கிக் கிடந்தது. எனக்கு டாக்டர் தேவைப்படவில்லை. லியோவின் கழுத்தில் இதே இடத்தில் இதே படத்தைப் பதினோரு வருடத்துக்கு முன்னால் வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டு பார்த்தவள் நான். தலையைக் குனிந்துகொண்டு முட்டி மோதுவதுதான் போட்ரைட்டின் பிழைப்பு. சரியான கோணத்தில் ஒரே ஒரு அடி விழுந்தால் அவனுக்குக் கையும் இல்லை, காலும் இல்லை.

வெளியே எடுத்ததும் பலகையிலேயே உட்கார்ந்துகொண்டு பேசினான். ஜார்ஜியா பக்கத்து ஆள், மெதுவான பேச்சு, ரொம்ப மரியாதை. விரல் மரத்துப்போவது டீம் டாக்டர்களுக்குத் தெரியாது என்றான். அம்மா வழிப் பெயரில் வந்திருக்கிறான். ஸ்கேனுக்குச் சீட்டு எழுதிக் கொடுத்தது அவனுக்கு வேண்டிய ஒரு கைரோபிராக்டர், முதுகு நீவுகிறவர். ரிப்போர்ட் அவருக்குத்தான் போகும், அவர் அதை மேஜை டிராயரில் போட்டுப் பூட்டிவிடுவார். போட்ரைட் படிக்கப் போவதில்லை. படித்துவிட்டால் தெரிந்தவன் ஆகிவிடுவான், தெரிந்தால் டீமிடம் சொல்லியாக வேண்டும் என்று ஒப்பந்தம். இன்னும் பத்து ஆட்டம் ஆடினால் புது ஒப்பந்தம். ஆடாவிட்டால் வருகிற வருடம் அவனை எவனும் சீண்டமாட்டான்.

"கழுத்துல என்ன பார்த்தீங்கன்னு உங்ககிட்ட கேக்கப்போறதில்ல," என்றான். "நீங்க சொல்லக்கூடாதுன்னு எனக்கும் தெரியும். நான் கேக்கறது வேற. என் தோளைப் பத்தி விசாரிச்சீங்களே, ஃபேன்டஸி ஆடுவீங்கதானே? நான் உங்க டீம்ல இருக்கேனா?"

மூன்று வருடமாக இருக்கிறாய் என்றேன். அவன் வாய்விட்டுச் சிரித்தான். மூன்று வருடமாக என்னை வைத்துக்கொண்டிருக்கிற பைத்தியம் இந்த ஒஹாயோவில் நீங்கள் ஒருத்திதான் என்றான்.

"அப்ப வர்ற ஞாயித்துக்கிழமை என்னைப் போடுவீங்களா, மிஸ் ரெனாட்டா?" என் சட்டையில் இருந்த பெயரைப் படித்துவிட்டுக் கேட்டான்.

மாட்டேன் என்று சொன்னால் அது ரிப்போர்ட்டைப் படித்துச் சொன்ன மாதிரி. எனக்குத் தெரியாது என்றாலும் அவன் புரிந்துகொள்வான். அவன் முகத்தை வேறு அவ்வளவு பக்கத்தில் வைத்துக்கொண்டு கேட்டான்.

"போடுவேன்," என்றேன்.

அவன் உடம்பு முழுக்கத் தளர்ந்ததைப் பார்த்தேன். ஞாயிறுதோறும் பதினொரு மணிக்குப் போன் செய்கிறேன், போட்டாச்சு என்று ஒரு வார்த்தை சொல்லுங்கள், அது போதும் என்றான். நானும் புத்தி கெட்டுப்போய் ஒரு துண்டுச் சீட்டில் என் நம்பரை எழுதிக் கொடுத்தேன்.

இதோடு நிறுத்தியிருந்தால்கூடப் பரவாயில்லை. மதியச் சாப்பாட்டுக்குக் காருக்குப் போய் உட்கார்ந்தேன். ஃபேன்டஸிக்காரிக்குப் பயம் வந்தால் கை போகிற இடம் போன்தான். ரன்னிங் பேக் விழுந்தால் அவன் இடத்துக்கு வருகிற மாற்று ஆளை மற்றவர்கள் எடுப்பதற்குள் எடுத்துவிட வேண்டும். இது எங்கள் எல்லோருக்கும் ரத்தத்தில் ஊறின விஷயம். போட்ரைட்டுக்கு மாற்று டன்லப் என்ற பையன். அவனை யாரும் எடுக்கவில்லை. நான் எடுத்தேன். யோசித்துச் செய்யவில்லை. வாய் ஒன்று சொல்ல, கை ஒன்று செய்துவிட்டது. செய்து முடித்த பிறகுதான் ஒன்பது வீட்டில் மணி அடித்திருக்கும் என்று உறைத்தது.

முதல் போன் கஸ்ஸுடையது. மூன்று வருடமாகப் போட்ரைட்டுக்கு மாற்று ஆள் எடுப்பதே அவனுக்குச் செய்கிற துரோகம் என்று சண்டை போட்டவள் நான். இப்போது ஏன் என்று கேட்டான். வயசாகிறது, புத்தி வந்துவிட்டது என்றேன்.

"ஸ்கேன் சென்டர்ல வேலை பாக்கறவங்களுக்கு திடீர்னு புத்தி வந்தா, எனக்கு வயித்தைக் கலக்குது அண்ணி," என்றான். "ஞாயித்துக்கிழமை யாரைப் போடறீங்கன்னு பாக்கறேன்."

மறுநாள் காலை காபி மெஷின் பக்கத்தில் பில்லிஸ் நின்றிருந்தாள். டன்லப்பா, ரெனாட்டா என்று மட்டும் கேட்டாள். அவளுக்குச் சந்தேகம் வந்து செவ்வாய்க்கிழமை வந்தவர்களின் பட்டியலை எடுத்துப் பார்த்தால் போதும். பெயர் புரூயிட்டாக இருந்தாலும் பிறந்த தேதி மாறாது. தோளை நினைத்துப் பயந்து எடுத்தேன் என்றேன். ஞாயிற்றுக்கிழமை போட்ரைட் உன் ஆட்டத்தில் இருந்தால் எனக்குக் கேட்க ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டுக் கோப்பையை எடுத்துக்கொண்டு போனாள்.

இருதலைக்கொள்ளி எறும்பு என்று சொல்வார்கள். எனக்குத் தீ நாலு பக்கமும் இருந்தது. அவனைப் பெஞ்சில் வைத்தால் பில்லிஸுக்குத் தெரிந்துவிடும். டன்லப்பை விட்டுவிடலாம் என்றால், எடுத்த மறுநாளே விடுவது இன்னும் மோசம், அதற்கும் மணி அடிக்கும். போட்ரைட்டிடம் உண்மையைச் சொன்னால் அவன் தன் டீமிடம் போய், இது தனக்கு எப்படித் தெரிந்தது என்பதையும் சொல்வான், அங்கிருந்து என்னிடம் வர எத்தனை நேரம் ஆகும்? ரிப்போர்ட் எழுதின டாக்டரிடம் சுற்றி வளைத்துக் கேட்டுப் பார்த்தேன். அவர் அந்த முதுகு நீவுகிறவருக்கு அன்றைக்கே போன் செய்து அவசரம் என்று சொல்லியிருந்தார். ஆளிடம் சொல்லிவிடுகிறேன் என்றாராம் அவர். நம் கடமை முடிந்தது என்றார் டாக்டர். அவரவர் கடமை சுத்தமாக முடிந்திருந்தது.

முதல் ஞாயிறு பதினொரு மணிக்குச் சொல்லி வைத்தாற்போல் போன் வந்தது. ஆட்டத்தில் இல்லாதவர்களின் பட்டியலைப் பதினொன்றரைக்கு டீம்கள் கொடுத்தாக வேண்டும். அதற்குள் என்னிடம் கேட்டுவிட வேண்டும் அவனுக்கு. போட்டாச்சா என்றான். போட்டாச்சு என்றேன். அவ்வளவுதான் பேச்சு.

ஞாயிறு என்றால் பூசை முடிந்து கஸ் எங்கள் வீட்டுக்கு வந்துவிடுவான். நான் பியரோகிக் கொழுக்கட்டையை வெங்காயம் போட்டு வதக்குவேன், அவன் கீல்பாசா சாசேஜ் கொண்டு வருவான். ஹாலில் லியோவோடு உட்கார்ந்து ஆட்டம் பார்ப்பான். அன்றைக்கு போட்ரைட் பந்தைத் தொட்ட ஒவ்வொரு முறையும் நான் அவன் கழுத்தையே பார்த்தேன். அவனோ பேய் மாதிரி ஓடினான். மூன்று பேரை முதுகில் சுமந்துகொண்டு கோட்டைத் தாண்டினான். கஸ் எழுந்து நின்று எனக்குச் சலாம் போட்டான். மூன்று வருடத்தில் முதல் முறை. நான் கரண்டியோடு ஹாலில் நின்று கத்தினேன். தொண்டை கட்டுகிற அளவுக்குக் கத்தினேன்.

இரண்டாம் ஞாயிறும் போட்டாச்சா, போட்டாச்சு. இரண்டாம் ஞாயிறும் அவன்தான். ஆம்புலன்ஸ் கடைசி இடத்திலிருந்து ஐந்தாம் இடத்துக்கு ஏறியது. அலுவலகத்தில் பில்லிஸ் என் மேஜையில் டோனட் வைத்துவிட்டுப் போனாள். வாய் கசக்கிறதா இனிக்கிறதா என்று தெரியாமல் தின்றேன். சாப்பாட்டு நேரத்தில் காரில் உட்கார்ந்து லீக் பட்டியலைப் பார்ப்பேன். மடியில் கனம் இருந்தால் வழியில் பயம் என்பார்கள். பயம் இருந்ததுதான். பட்டியலை ஒரு நாளைக்கு எத்தனை முறை பார்த்தேன் என்று எண்ணவில்லை.

மூன்றாம் ஞாயிறு, கடைசிக் கால் பகுதியில் ஒரு குண்டு ஆள் போட்ரைட்டின் தலையைப் பக்கவாட்டில் மோதினான். போட்ரைட் குப்புற விழுந்தான். எழவில்லை. பந்து அவன் இடது கையிலிருந்து தானாக உருண்டு போனது. கஸ் கீல்பாசாவை மெல்லுவதை நிறுத்தினான். பிறகு போட்ரைட் முழங்காலை ஊன்றி எழுந்து, கையை உதறிக்கொண்டே நடந்தான். மைதானமே கைதட்டியது. கஸ்ஸும் தட்டினான்.

லியோ தட்டவில்லை. அவரால் சரியாகத் தட்ட முடியாது என்பது வேறு. "நாலு செகண்டு," என்றார். "நான் எண்ணினேன். நாலு செகண்டு அவனுக்கு உடம்பு இல்ல." டி.வி.யையே பார்த்துக்கொண்டிருந்தார். "கையை உதறறான் பாரு. அது வலிக்கு உதறறது இல்ல, கை இருக்கான்னு பாக்கறதுக்கு உதறறது. எனக்குத் தெரியும்."

நான் அடுக்களைக்குப் போய் ஏற்கெனவே கழுவின பாத்திரத்தை மறுபடியும் கழுவினேன். அன்றைக்கும் நான்தான் ஜெயித்தேன். இரண்டாம் இடம்.

அந்த வாரம் முழுவதும் சண்டை போட்டேன். யாரோடு என்று கேட்டால் எல்லோரோடும். டயர் கடைக்காரனோடு கார் நிறுத்துகிற இடத்துக்கு, பாதிரியாரோடு பூசை நேரத்துக்கு, லியோவோடு ஒன்றுமே இல்லாததற்கு. பேசாமல் லியோவிடம் சொல்லிவிடலாம் என்று நாலு முறை வாயெடுத்தேன். அவர் பொத்தானோடு மல்லுக்கட்டிக்கொண்டிருப்பார். நான் போய்ப் போட்டுவிடுவேன். சொல்லமாட்டேன்.

நாலாம் ஞாயிறு கஸ் வந்து ஹாலில் உட்கார்ந்துவிட்டான். நான் அடுக்களைக் கதவைச் சாத்திக்கொண்டேன். பதினொரு மணிக்குப் போன் அடித்தது.

"போட்டாச்சா, மிஸ் ரெனாட்டா?"

அடுப்பை அணைத்தேன். "இல்ல," என்றேன்.

அவன் சிரித்தான். விளையாடாதீர்கள், ஷூ மாட்டிக்கொண்டிருக்கிறேன் என்றான். பின்னால் யாரோ பாட்டு வைத்திருந்தார்கள்.

"உன் தண்டுவடம் நசுங்கிக் கிடக்குப்பா. நடுக்கழுத்துல. போன வாரம் நாலு செகண்டு உனக்கு உடம்பு இல்ல, அது உனக்கே தெரியும். அடுத்த தடவை அது திரும்பி வராது. என் வீட்டுக்காரருக்கு இதே இடம். ஒரு பொத்தான் போட அவருக்குக் கால் மணி நேரம் ஆகுது."

பாட்டுச் சத்தம் குறைந்தது. அவன் எங்கோ ஒதுங்கி நடந்திருக்க வேண்டும்.

மூன்று வாரமாகப் போடுவேன் போடுவேன் என்று சொன்னவர் நீங்கள்தானே என்று கேட்டான். அன்றைக்குச் சொன்னது பொய்யா, இன்றைக்குச் சொல்வது பொய்யா என்று கேட்டான். குரல் உயரவில்லை. இன்றைக்கு எதிரே ஆடுகிறவர்கள் யாராவது உங்களைக் காசு கொடுத்துப் பிடித்துவிட்டார்களா என்றுகூடக் கேட்டான். நான் மாதா மேல் சத்தியம் என்றேன்.

"சத்தியம் வேணாம்," என்றான். "எங்க ஊர்ல என் மாமன்மாரும் லீக் ஆடறாங்க. பொண்டாட்டிகிட்ட பொய் சொல்லுவாங்க, அதுல சொல்லமாட்டாங்க. என்னைப் பெஞ்சுல போட்டு, படம் எடுத்து அனுப்புங்க. அதைப் பாத்தா நம்பறேன்."

பில்லிஸ் அந்த நேரத்தில் பூசையிலிருந்து வந்து போனை மடியில் வைத்துக்கொண்டுதான் உட்கார்ந்திருப்பாள். பதினொன்றரைக்குப் பட்டியல் வந்த பிறகு மாற்றினால் ஊரே மாற்றும், என்னை யாரும் திரும்பிப் பார்க்கமாட்டார்கள். ஆனால் அவன் பெயர் அந்தப் பட்டியலுக்குப் போக வேண்டுமானால் நான் அதற்கு முன்னாலேயே மாற்றியாக வேண்டும். லைனில் அவன் மூச்சு விடுவது கேட்டது.

போட்ரைட்டைப் பெஞ்சுக்கு இறக்கினேன். டன்லப்பை ஏற்றினேன். பக்கத்தில் பதினொன்று ஆறு என்று மணி விழுந்தது. ஹாலில் கஸ்ஸின் போன் சிணுங்கியது. அங்கே நடந்துகொண்டிருந்த பேச்சு நின்றுபோனது. நான் படம் எடுத்து அனுப்பினேன்.

அவன் பார்த்தான்.

"அந்த செவ்வாய்க்கிழமையே பாத்துட்டீங்களா?"

"அன்னைக்கே பாத்துட்டேன்."

"அப்ப அந்த மூணு ஆட்டமும்..." என்றான். முடிக்கவில்லை. லைன் போய்விட்டது. அவன் குரலை நான் கேட்டது அதுதான் கடைசி.

கதவைத் திறந்துகொண்டு கஸ் நின்றான். கேலி பேச வந்தவன் மாதிரி இல்லை. போனை நீட்டி, அவனைத் திரும்பப் போடுங்கள் அண்ணி, கை தவறிப் பட்டுவிட்டது என்று நானே லீகில் எழுதுகிறேன் என்றான். லீகை நடத்துகிறவன் அவன், எழுதினால் பாதிப் பேராவது நம்புவார்கள். வேண்டாம் என்றேன். படம் அங்கே போய்ச் சேர்ந்துவிட்டது, இனிமேல் மாற்றினால் அவன் மனசு மாறினாலும் மாறும் என்று பயந்தேன். கஸ் அங்கேயே ஒரு நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தான்.

பதினொன்றரைக்குப் பட்டியல் வந்தது. ஜெரிகோ போட்ரைட், கழுத்து, ஆடவில்லை. டி.வி.யில் பேசுகிறவர்கள் யாருக்கும் எதுவும் தெரியவில்லை என்று ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ஊரெல்லாம் அவசர அவசரமாக அவனைப் பெஞ்சுக்கு இறக்கியிருப்பார்கள். அத்தனை பேரும் பதினொன்றரைக்குப் பிறகு. நான் ஒருத்தி பதினொன்று ஆறுக்கு.

பன்னிரண்டு மணிக்குப் பில்லிஸ் பேசினாள். அவள் சென்டருக்கே போய்ச் செவ்வாய்க்கிழமைப் பட்டியலைப் பார்த்துவிட்டிருந்தாள். நாளைக்கு வராதே, மேலிடத்திலிருந்து கூப்பிடுவார்கள் என்றாள். அழுதிருக்கிறாள் என்று தெரிந்தது.

"நான் பாக்காதமாதிரி இருந்திருப்பேன் ரெனாட்டா. என் போன்லயும்தானே மணி அடிச்சுது."

அவள் மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. அவள் இடத்தில் நான் இருந்தாலும் போய்ப் பார்த்திருப்பேன்.

ஆட்டம் தொடங்குவதற்குள் கஸ் கிளம்பிவிட்டான். கீல்பாசாவை அப்படியே விட்டுவிட்டுப் போனான். நான் போய் லியோ பக்கத்தில் உட்கார்ந்தேன். போட்ரைட் தடித்த கோட்டு போட்டுக்கொண்டு மைதான ஓரத்தில் நின்றிருந்தான். கைகள் இரண்டும் பையில் இருந்தன. கேமரா அவனைக் காட்டியது, அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். டன்லப் ஓடினான். நன்றாகவே ஓடினான்.

லியோவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். தோளைக் கேட்டதிலிருந்து தொடங்கி, வெள்ளை இல்லாத அந்த விரற்கடை, துண்டுச் சீட்டு, டன்லப், பில்லிஸ், இன்ஷூரன்ஸ் வரைக்கும் ஒன்று விடாமல் சொன்னேன். மருந்துக்கு என்ன செய்வோம் என்று கேட்பார் என்று நினைத்து, அதற்குப் பதில் தேடிக்கொண்டிருந்தேன். அவர் அதைக் கேட்கவில்லை.

"சொன்னது சரிதான்," என்றார். "சொல்ல மூணு வாரம் எதுக்கு எடுத்துக்கிட்ட?"

சட்டம் என்று தொடங்கினேன். வேலை என்றேன். நீங்கள், உங்கள் மருந்து என்றேன்.

"என் தலையில போடாத, ரெனாட்டா."

அவர் என்னையே பார்த்தார். பதினோரு வருடமாக அவருக்குப் பொத்தான் போட்டுவிட்டவள் நான். அந்த முகத்துக்கு முன்னால் பொய் சொல்ல வரவில்லை.

"நாம ஜெயிச்சுக்கிட்டிருந்தோம், லியோ," என்றேன்.

அவர் வாக்கரைக் கிட்டே இழுத்து, இரண்டு முறை முயன்று, தானே எழுந்தார். நான் கை கொடுக்கப் போனேன். வேண்டாம் என்று தலையை அசைத்துவிட்டு உள்ளே நடந்தார். படுக்கையறைக் கதவு வரைக்கும் போய்ச் சேர அவருக்கு ரொம்ப நேரம் பிடித்தது. நான் உட்கார்ந்த இடத்திலேயே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.